மணி என்ன? பேசும் கடிகாரத்தின் வரலாறு



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம்மில் எவராலும் மறக்க முடியாத ஓசை ஒன்று உண்டு. அது விடியற்காலைப் பெரட்டு மணியின் ஓசை. சுங்கை சிப்புட், கோலகங்சார், கோப்பேங், தெலுக் இந்தான் எனப் பேராக் மாநிலமெங்கும் பரந்திருந்த இரப்பர்த் தோட்டங்களில், கிழக்கு வெளுக்கும் முன்பே அந்த மணி அடிக்கும். சில தோட்டங்களில் அது மணிகூட அன்று. கட்டித் தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டுதான். இரும்புக் கம்பியால் நாலு தட்டுத் தட்டினால் லயத்தின் கடைசி வீடு வரை கேட்கும். அடுப்பு எரியும், கோப்பி கலக்கப்படும், உளியும் வாளியுமாக ஆட்கள் பெரட்டுக்குக் கிளம்புவார்கள்.

ஏன் அத்தனை அதிகாலையில்? காரணம் மரத்தில் இருக்கிறது. வெயில் ஏறுமுன் மரப்பட்டைக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். 1877-ஆம் ஆண்டில் இயூ லோ என்னும் பிரிட்டிஷ் அதிகாரியின் முயற்சியால் கோலகங்சாரில் ஒன்பது இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அங்கே தொடங்கிய பயிர் பிற்காலத்தில் பெருந்தொழிலாக வளர்ந்து, நம் முன்னோர் எப்போது உறங்க வேண்டும், எப்போது எழ வேண்டும் என்பதையும் வகுத்துவிட்டது.

அந்த மணியைப் பற்றி ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது நிர்வாகம் வேண்டியபோது ஒலித்தது. தொழிலாளி கேட்டபோது ஒலிக்கவில்லை. நடுநிசியில் விழித்துக்கொண்டு, "இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது?" என்று கேட்ட பால்வெட்டுக்காரருக்கு அந்தத் தண்டவாளம் மறுமொழி சொல்லாது. கண் உள்ளவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார். கண் இல்லாதவர் என்ன செய்வார்? இந்தக் கேள்விக்கு மனிதர்கள் கண்ட விடைகளைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

காதால் மணி அறிவது நமக்குப் புதியதன்று. தெலுக் இந்தானில் 1885-ஆம் ஆண்டில் லியோங் சூன் சோங் என்ற குத்தகைக்காரர் கட்டிய கோபுரம் இன்றும் சாய்ந்தபடி நிற்கிறது. அது ஊருக்கு நீர்த்தொட்டியாகவும் இருந்தது, மணிக்கூண்டாகவும் இருந்தது. ஈப்போவில், 1875-இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச்சின் நினைவாக 1909-இல் ஒரு மணிக்கூண்டு எழுந்தது. இத்தகைய கூண்டுகள் மணி அடிக்கும்போது பார்வையுள்ளவரும் பார்வையற்றவரும் ஒரே நேரத்தில் ஒரே செய்தியைப் பெறுவார்கள். ஆனால் அவையும் தமக்குரிய வேளையில்தான் ஒலிக்கும். ஊரை விட்டு இரண்டு மைல் தள்ளி இருக்கும் லயத்திற்கு அவ்வோசை எட்டாது.

கேட்டபோது மறுமொழி சொல்லும் கடிகாரம் முதலில் உண்டானது இங்கிலாந்தில். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஒரு பொத்தானை அழுத்தினால் மணியையும் கால்மணியையும் சிறு மணியோசையாக அடித்துச் சொல்லும் சட்டைப்பைக் கடிகாரங்களை அங்கே செய்தார்கள். அக்கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு 1687-இல் இரண்டாம் ஜேம்சு மன்னரிடம் போயிற்று. டேனியல் குவேர் என்ற கடிகாரக் கலைஞருக்கே தீர்ப்புக் கிடைத்தது. மின்விளக்கு இல்லாத காலம் அது. இருட்டில் மணி அறிய விரும்பிய செல்வர்களுக்காகத்தான் அக்கடிகாரம் பிறந்தது. இருட்டில் இருப்பவருக்குச் செய்த கருவி, எப்போதும் இருட்டில் இருப்பவருக்கும் பயன்பட்டது.

அடுத்த நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில், பாரிஸ் நகரத்தில் பிரெகே என்ற கடிகாரக் கலைஞர் தொட்டறியும் கடிகாரம் ஒன்றைச் செய்தார். மூடியின் மேல் ஓர் அம்பு. விளிம்பைச் சுற்றிக் குமிழ்கள். அம்பைத் திருப்பினால் உரிய மணியருகே வந்து நின்றுவிடும். விரலால் தடவி மணியைத் தெரிந்துகொள்ளலாம். அவையில் அமர்ந்திருப்பவர் பிறர் அறியாமல் சட்டைப்பைக்குள்ளேயே மணி பார்ப்பதற்கென்று அது செய்யப்பட்டது. பார்வையற்றோருக்கும் அதுவே வழிகாட்டியது.

அதே பிரான்சு நாட்டில் 1809-இல் லூயி பிரெயில் பிறந்தார். தந்தையின் தோல்பட்டறையில் மூன்று வயதில் ஊசி குத்திக் கண்ணிழந்த அச்சிறுவர், 15 வயதில் ஆறு புள்ளிகளைக் கொண்டு ஓர் எழுத்துமுறையை அமைத்தார். 1829-இல் அது நூலாக வெளிவந்தது. பின்னாளில் கைக்கடிகாரத்தின் கண்ணாடியைத் திறந்து, முள்ளையும் புடைத்த புள்ளிகளையும் தொட்டு மணி அறியும் கடிகாரங்கள் பரவின.

நம் நாட்டிலும் பார்வையற்றோருக்கான கல்வி மெல்ல வளர்ந்தது. 1926-இல் மலாக்காவில் தொடங்கிப் பின்னர் பினாங்கிற்கு மாறிய செயின்ட் நிக்கலஸ் இல்லம் அவ்வகையில் மூத்தது. 1951-இல் மலாயாப் பார்வையற்றோர் சங்கம் உருவாயிற்று. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் கர்னி பயிற்சி நிலையம் பார்வையற்றோருக்குத் தொழில் கற்பித்தது. அங்கெல்லாம் போய் இளமையிலேயே பிரெயில் கற்றவர்களுக்குப் புள்ளிக் கடிகாரம் நல்ல துணை.

ஆனால் தோட்டத்து முதியவரை எண்ணிப் பாருங்கள். முப்பது ஆண்டுகள் உளி பிடித்த கை. பாலை உறைய வைக்கும் அமிலம் பட்ட கை. விரல் நுனியெல்லாம் காய்ப்பேறியிருக்கும். அவருக்குக் கண் போனதும் இளமையில் அன்று. இன்று நம் குடும்பங்களில் முதுமையில் கண்ணொளி குறைவதற்குப் பெருங்காரணங்களுள் ஒன்று நீரிழிவு. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் வயதுவந்தோரில் 100-க்கு 18 பேருக்கு மேல் நீரிழிவு உண்டு. இந்தியரிடையே அது இன்னும் மிகுதி. அந்நோய் விழித்திரையைக் கெடுக்கும். அதே நோய் விரல்களின் உணர்ச்சியையும் மங்கச் செய்யும். அறுபது வயதில் கண்ணிழந்த அவருக்கு, மரத்துப்போன விரலால் புள்ளியைத் தடவிப் பழகு என்று சொல்வது எளிதா? அவருக்கு எஞ்சி நிற்கும் வாயில் காதுதான். ஆகவே கடிகாரம் பேசியாக வேண்டும்.

கடிகாரத்தைப் பேச வைக்கும் முயற்சியும் பழையதே. 1911-இல் ஜெர்மனியின் பெர்லின் நகரத்தில் ஹில்லர் என்பவர், குரலைப் பதித்த நாடா ஒன்றைச் சுழற்றி மணி சொல்லும் கடிகாரத்தை உண்டாக்கினார். 1933 பிப்ரவரி 14-ஆம் நாள் பாரிஸ் வானாய்வுக்கூடம் தொலைபேசி வழியே மணி சொல்லத் தொடங்கியது. முதல் நாளிலேயே ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட அழைப்புகள் வந்து குவிந்தன. பெரும்பாலானவற்றுக்கு மறுமொழி சொல்ல முடியவில்லை. மணி கேட்கும் ஆவல் எவ்வளவு பெரிது என்பது அன்று தெரிந்தது. 1936-இல் இலண்டனிலும் அவ்வசதி வந்தது.

நம் லயங்களில் தொலைபேசி ஏது? நமக்குப் பேசும் கடிகாரமாக இருந்தது வானொலிதான். 1946-இல் ரேடியோ மலாயா தொடங்கியது. பின்னர் தோட்டங்களில் வானொலிப் பெட்டி பரவியபோது, செய்திக்கு முன் ஒலிக்கும் அந்தச் சிறு ஒலிக்குறிப்பையும், "இப்போது நேரம்" என்று தமிழில் சொல்லும் அறிவிப்பாளர் குரலையும் கேட்டுப் பார்வையற்ற பெரியவர்கள் தம் பொழுதைக் கணக்கிட்டுக்கொண்டார்கள். எந்த நிகழ்ச்சிக்குப் பின் எது வரும் என்பதே அவர்களுக்குக் கடிகார முள்.

நேரத்தைக் கூட ஆள்பவர்கள் மாற்றியிருக்கிறார்கள். 1941-இல் மலாயாவின் நேரம் கிரீன்விச்சை விட ஏழரை மணி முன்னதாக இருந்தது. 1942-இல் ஜப்பானியர் வந்ததும் டோக்கியோ நேரம் புகுந்தது. கடிகாரம் ஒன்றரை மணி முன்னே தாவியது. 1945-இல் அவர்கள் போனதும் பழைய நேரம் திரும்பியது. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியா அரை மணி முன்னே சென்று, சபா சரவாக்குடன் ஒரே நேரத்திற்கு வந்தது. பார்வையுள்ளவர் முள்ளைத் திருப்பிக்கொண்டார். பார்வையற்றவரோ வேறொருவர் சொன்னதை நம்ப வேண்டியிருந்தது.

இனி, 1979-க்கு வருவோம். அவ்வாண்டில் ஜப்பானின் ஷார்ப் நிறுவனம் நாடாவோ தட்டோ இல்லாமல், மின்னணுச் சில்லின் உதவியால் பேசும் சிறு கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டுகளில் பேசும் கைக்கடிகாரங்கள் மலிந்தன. பொத்தானை அழுத்தினால் மணி சொல்லும். சிலவற்றில் விடியற்காலை எழுப்பச் சேவல் கூவும். யாரையும் எழுப்பாமல், யாரிடமும் கேட்காமல் நள்ளிரவில் மணி அறிய முடிந்தது பார்வையற்றோர் வாழ்வில் பெரிய விடுதலை.

எனினும் ஒரு குறை இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்னும் சொற்களைத் தொழிற்சாலையிலேயே சில்லில் பதித்துவிடுவார்கள். பிறகு ஒரு சொல்லையும் மாற்ற முடியாது. அச்சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலம் முதலிய பெரிய சந்தையுள்ள மொழிகளாகவே இருந்தன. தமிழில் பேசும் கடிகாரம் வேண்டும் என்று சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பாட்டி சொன்னால், தொழிற்சாலை காது கொடுக்குமா?

இந்தப் பூட்டைத் திறந்தவர்கள் பெரும்பாலும் பார்வையற்றோரே. அவர்களுள் முதலில் சொல்லத்தக்கவர் டி. வி. இராமன். இவர் 1965-இல் இந்தியாவில் புனே நகரத்தில் பிறந்தார். கண்நீர் அழுத்த நோயால் 14 வயதில் பார்வையை முற்றும் இழந்தார். பம்பாய் ஐ.ஐ.டி.யில் கணினி பயின்று, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994-இல் முனைவர் பட்டம் பெற்றார். கணிதச் சமன்பாடுகளைக் கணினி வாய்விட்டுப் படித்துக் காட்டுவது எப்படி என்பதே அவர் ஆய்வு. மறு ஆண்டே, கணினியைக் காதால் ஆளும் 'ஈமாக்ஸ்பீக்' என்னும் மென்பொருளை எழுதி, எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார். 2005-இல் கூகுள் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவரும் சார்லஸ் சென் என்பவரும் நடத்திய பணியிலிருந்து, ஆண்ட்ராய்டு கைப்பேசியின் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் 'டாக்பேக்' 2009-இல் வந்தது.

ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் தே என்னும் இரண்டு இளைஞர்கள். இருவரும் பார்வையற்றவர்கள், சிறுவயதில் பார்வையற்றோருக்கான இசை முகாமில் அறிமுகமானவர்கள். கணினித் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் அன்று பெருவிலைக்கு விற்றது. கணினியின் விலையை விட அதைப் பேச வைக்கும் விலை மிகுதியாக இருக்கலாமா என்பது அவர்கள் கேள்வி. 2006-இல் கரன் தொடங்கிய 'என்.வி.டி.ஏ.' என்னும் மென்பொருள் இன்று உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலும் உண்டு.

இவற்றையெல்லாம் 'திறந்த மூல மென்பொருள்' என்கிறோம். அச்சொல்லின் பொருள் என்ன? பழைய வானொலிப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பின்பக்க மூடியில் நாலு திருகாணி இருக்கும். கழற்றினால் உள்ளே உள்ள கம்பிகள் தெரியும். விவரம் அறிந்தவர் பழுது பார்க்கலாம். கற்றுக்கொள்ள விரும்பும் பையன் எட்டிப் பார்க்கலாம். மூடியை ஒட்டி முத்திரை வைத்துவிட்ட பெட்டியும் உண்டு; அது கெட்டால் தூக்கி எறியத்தான் வேண்டும். மென்பொருளும் அப்படியே. அதை எழுதிய வரிகளை எல்லாரும் படிக்கவும் திருத்தவும் விட்டுவைத்தால் அது திறந்த மூலம்.

தமிழுக்கு இதனால் வந்த நன்மையை ஓர் எழுத்தைக் கொண்டு காண்போம். 'கடல்' என்பதில் வரும் க வேறு ஒலி. 'தங்கம்' என்பதில் வரும் க வேறு ஒலி. 'அகம்' என்பதில் வரும் க இன்னும் மென்மை. எழுத்து ஒன்று, ஒலி மூன்று. வெளிநாட்டுத் தொழிற்சாலைக்கு இது தெரியாது. தமிழ்த் தாயிடம் பேசிப் பழகிய பிள்ளைக்குத் தெரியும். ஜொனாதன் டடிங்டன் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய 'ஈஸ்பீக்' என்னும் திறந்த மூலப் பேச்சு மென்பொருளில், இத்தகைய உச்சரிப்பு விதிகள் சாதாரண எழுத்துக் கோப்பாகவே இருக்கின்றன. தவறு கண்டவர் திருத்தத்தை எழுதி அனுப்பலாம். குரல் சற்று இயந்திரத்தனமாக இருக்கும். ஆனால் மிகச் சிறிய இடத்தில் அடங்கிவிடும், தமிழும் பேசும். என்.வி.டி.ஏ.வுக்குள் இருக்கும் குரல் இதன் வழிவந்ததே.

இப்போது இந்தக் குரல்கள் மணிக்கட்டுக்கு ஏறியுள்ளன. 2015-இல் வந்த ஆப்பிள் கடிகாரம் தொடக்கத்திலிருந்தே பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டியது. அது சிறந்த வேலைப்பாடுதான். ஆனால் மூடி ஒட்டிய பெட்டி. ஆண்ட்ராய்டு வழிவந்த கடிகாரங்களில் டாக்பேக் பேசுகிறது. டாக்பேக்கின் மூல வரிகள் பொதுவில் உள்ளன. அதைச் சுமக்கும் கடிகாரத்தின் எல்லாப் பகுதிகளும் அப்படித் திறந்தவை அல்ல. மணி மட்டுமா? எத்தனை அடி நடந்தோம், இதயம் எப்படித் துடிக்கிறது, யார் அழைக்கிறார்கள், மாத்திரை வேளை வந்துவிட்டதா என்பவற்றையும் இக்கடிகாரங்கள் சொல்லும்.

திறந்த மூலம் ஏன் வேண்டும் என்பதற்கு 'பெபிள்' கடிகாரத்தின் கதை நல்ல பாடம். 2012-இல் பொதுமக்களிடமே ஒரு கோடி டாலருக்கு மேல் முன்பணம் திரட்டிப் பிறந்த கடிகாரம் அது. 2016 இறுதியில் அந்நிறுவனம் மூடப்பட்டு, வேறொருவர் கைக்குப் போயிற்று. வாங்கியவர்கள் கையில் நல்ல கடிகாரம் இருந்தும், அதற்குத் துணை நின்ற சேவை நின்றது. தொண்டர்கள் சிலர் கூடித் தம் உழைப்பால் அதை ஓட்டினார்கள். 2025 ஜனவரியில் அதன் மென்பொருளைக் கூகுள் பொதுவில் வெளியிட்டது; கடிகாரத்துக்கு மறுவாழ்வு கிடைத்தது. பெபிள் பார்வையற்றோருக்கெனச் செய்யப்பட்டதன்று. எனினும் நிறுவனம் மூடினால் பொருளும் ஊமையாகும் என்பதையும், வரிகள் திறந்திருந்தால் மீட்கலாம் என்பதையும் அது காட்டுகிறது. பார்வையுள்ளவருக்கு அது ஒரு பொழுதுபோக்குப் பொருளின் இழப்பு. பார்வையற்றவருக்கோ கண்ணை இரண்டாம் முறை இழப்பது போன்றது.

முற்றும் திறந்த மென்பொருளில் ஓடும் 'பைன்டைம்' போன்ற மலிவான கடிகாரங்களும் இருக்கின்றன. ஆனால் பைன்டைமில் ஒலிபெருக்கி இல்லை, அதிரத்தான் தெரியும். ஆக, மலிவு, திறந்த மூலம், தமிழ்க்குரல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த கடிகாரம் எளிதில் கடையில் கிடைப்பதில்லை. பாதி வழி வந்திருக்கிறோம். மீதி வழி இருக்கிறது.

அதுவரை நாம் செய்யத்தக்கவை சில உண்டு. வீட்டில் கண்பார்வை குன்றிய பெரியவர் இருந்தால், முதலில் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியைப் பாருங்கள். அதன் அமைப்புகளில் அணுகல்தன்மை என்னும் பகுதியில் டாக்பேக் இருக்கும், செலவில்லை. பேச்சு மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுத்துப் பொறுமையாகச் சில நாள் பழக்குங்கள். கடிகாரம் வாங்குவதானால் கடைக்காரரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தமிழில் பேசுமா? கைப்பேசி அருகில் இல்லாவிட்டாலும் மணி சொல்லுமா? எத்தனை நாளுக்கு ஒரு முறை மின்னேற்ற வேண்டும்? மணி மட்டும் தெரிந்தால் போதும் என்பவருக்குப் பழைய பாணிப் பேசும் கடிகாரமே ஏற்றது. அதன் மின்கலம் பல மாதங்கள் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். போகாமல் காக்கும் பார்வைக்கு ஈடான கடிகாரம் எதுவும் இல்லை.

2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், தகவலையும் தொழில்நுட்பத்தையும் மற்றவர்களுக்கு ஒப்பப் பெறும் உரிமையை இவர்களுக்கு அளிக்கிறது. சமூக நல இலாகாவில் பதிந்துகொள்வது அவ்வுரிமையின் முதற்படி. கணினி பயிலும் நம் இளைஞர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. தமிழ்க்குரல் ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்தால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள், திருத்தி அனுப்புங்கள். நீங்கள் திருத்தும் ஒரு வரி, நீங்கள் என்றும் காணாத ஒரு பாட்டியின் காதில் சரியாக ஒலிக்கும்.

தோட்டங்கள் பல இன்று செம்பனைக்காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. தண்டவாளத் துண்டு எங்கோ துருப்பிடித்துக் கிடக்கும். அந்த மணிக்கு எழுந்தவர்களில் சிலர் இன்று கண்மங்கி, மகன் வீட்டு அறையில் படுத்திருக்கிறார்கள். நள்ளிரவில் விழிப்பு வருகிறது. பிள்ளைகள் வேலைக்குப் போய்வந்த அலுப்பில் தூங்குகிறார்கள். எழுப்பிக் கேட்க மனம் வரவில்லை. பிறர் அடித்த மணிக்கு வாழ்நாள் முழுதும் எழுந்தவர்கள் அவர்கள். தாம் விரும்பியபோது, தம் தாய்மொழியில், "மணி என்ன?" என்று கேட்டு விடை பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு. அதைப் பெற்றுத் தருவது பிள்ளைகளாகிய நம் கடமை.